கால் இல்லாத ப்ராசஸர்

நடந்தது ஐப்பசியிலா கார்த்திகையிலா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வருடம் இரண்டாயிரத்து ஐந்து என்பதுகூட, அந்த வருடம் மழை விடாமல் பெய்து மரக்காணத்து உப்பளமெல்லாம் ஏரியாகக் கிடந்ததை வைத்துச் சொல்வதுதான். யார் எந்த வார்த்தையை எப்போது சொன்னார்கள் என்பதிலும் முன்பின் இருக்கலாம். ஆனால் கமாலுதீன் கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிஸ்கட் அளவில் இருந்த ப்ராசஸரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நிச்சயம். அது உட்கார வேண்டிய இடத்தில் உட்கார மறுத்தது.

"இன்னாடா ஆச்சு?" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த சவரிமுத்து.

கமாலுதீன் அதை இன்னொரு தடவை வைத்துப் பார்த்தான்.

போர்டின் நடுவில் ஒரு வெள்ளைச் சதுரம் இருந்தது. அதில் ஊசி முனை அளவில் நூற்றுக்கணக்கான ஓட்டைகள். ப்ராசஸரின் கால்கள் அந்த ஓட்டைகளில் இறங்க வேண்டும். இறங்குவதற்குக் கால்களே இல்லை. அடிப்பக்கம் முழுக்க வழுவழுவென்று தங்கப் பொட்டுகள்தான் இருந்தன.

"கால் இல்ல" என்றான் கமாலுதீன் கடைசியாக.

"யாருக்கு?"

"இதுக்கு."

சவரிமுத்து எட்டிப் பார்த்தான். "வர்ற வழியில எங்கனா உடைஞ்சி விழுந்துச்சா? பஸ்ஸு அந்தக் குலுக்கு குலுக்குச்சே" என்று சொல்லி, சாமான் வந்த பையைக் கவிழ்த்து உதறினான். பஸ் டிக்கெட்டும் கொஞ்சம் வேர்க்கடலைத் தோலும் விழுந்தன. சவரிமுத்து அந்தத் தோலையும் விடாமல் கிளறிப் பார்த்தான்.

கமாலுதீன் மறுபடியும் மௌனமானான்.

அந்த மௌனத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மரக்காணத்தில் கமாலுதீனைக் கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவன் அப்படிச் சொல்லிக்கொண்டதே கிடையாது. சவுதியில், தம்மாமில் இருந்து முதல் தடவை லீவில் வந்தபோது, "எங்க வேலை?" என்று கேட்டார்கள். "கம்ப்யூட்டர் கம்பெனி" என்றான். "என்ன வேலை?" என்று கேட்டார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தான். மீதியை ஊரே பார்த்துக்கொண்டது. அடுத்த லீவில் கிளியனூரில் இருந்து ஒருவர், எட்டு என்ற எண் சரியாக விழாத கால்குலேட்டரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார்.

உண்மையில் அவனுக்குக் கிடங்கில் வேலை. பெட்டி இறக்குவது, அடுக்குவது, ஏற்றுவது. கண்ணைக் கட்டிவிட்டாலும் எடையை வைத்தே இது மானிட்டர், இது போர்டு என்று சொல்லிவிடுவான். ஆனால் ஒரு பெட்டியைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்தால் வேலை போய்விடும். அத்தனை வருடம் தோளில் சுமந்தவற்றுக்குள் என்ன இருந்தது என்று, சுவரில் ஒட்டியிருந்த விளம்பரப் படங்களில் பார்த்ததோடு சரி.

கம்பெனி மூடப்பட்டு ஊருக்கு வந்தவன் ஜன்னலோரம் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பள்ளிவாசலுக்குப் போவான், வருவான், உட்காருவான். ஆரம்பத்தில் களைப்பு என்று நினைத்தாள் அவன் மனைவி சனோபர். மாதங்கள் போயின. சாப்பிடக் கூப்பிட்டால் தலையசைப்பு. உப்பு போதுமா என்றால் தலையசைப்பு. ஒருநாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் குழம்பு வைத்தாள், திட்டவாவது வாய் திறப்பானா என்று. அவன் முழுத் தட்டையும் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவப் போனான்.

"கிணத்துல கல்லு போட்டாக்கூட சத்தம் வருதுண்ணே" என்று அவள் சவரிமுத்துவிடம் சொல்லி அழுதாள். "இந்த மனுசன் இப்படியே உறைஞ்சி போயிடுவாரோன்னு பயமா இருக்குது."

சவரிமுத்து உப்பளத்தில் மேஸ்திரி. கமாலுதீனோடு ஒன்றாம் வகுப்பில் இருந்து ஒரே பெஞ்சு. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. தினமும் வந்து, பேசாத நண்பனுக்கு எதிரில் உட்கார்ந்து, ஊர்க்கதையெல்லாம் தானே பேசிவிட்டுப் போவான். ஒருநாள் வந்தவன், உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்தான்.

"டேய் கமாலு, எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும்டா. ஜான்சி ப்ளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் குரூப் எடுத்திருக்கா. கடையில ரெடியா விக்கிறத வாங்கமாட்டேன். நீ சாமான் பொறுக்கி, நீயே பூட்டிக் குடு."

கமாலுதீன் கணக்குப் போட்டான். முடியாது என்று சொல்லிவிட்டால் தப்பிக்கலாம். ஆனால் முடியாது என்றால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று கேட்டால், அந்த இன்ஜினியர் பட்டத்துக்குள் இருக்கும் கிடங்குக் கூலியை வெளியே எடுத்துக் காட்ட வேண்டும். மொத்தத்தில் நிறையப் பேச வேண்டியிருக்கும். அதற்குத் தலையசைப்பது சுலபமாகப் பட்டது.

"பணத்துக்கு யோசிக்காத" என்றான் சவரிமுத்து. "சீட்டு எடுத்தேன். என் கையில தங்காதுன்னு தங்கச்சிகிட்ட குடுத்து வெச்சிருக்கேன். வேணுங்கிறப்ப வாங்கிக்க."

சனோபர் ஆமாம் என்று தலையாட்டினாள்.

இப்படித்தான் இருவரும் பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினார்கள். கீழ்புத்துப்பட்டு தாண்டும்வரை கமாலுதீன் ஒரு வார்த்தை பேசவில்லை. தாண்டிய பிறகும் பேசவில்லை.

மாடிக் கடை ஒன்றில் அசோகன் என்ற இளைஞன் கம்ப்யூட்டர் சாமான்கள் விற்றுக்கொண்டிருந்தான். அலமாரி முழுக்கப் பெட்டிகள். அவற்றைப் பார்த்ததும் கமாலுதீனின் முகத்தில் சொந்தக்காரர்களைக் கண்ட களை வந்தது. எல்லாம் அவன் தூக்கிய பெட்டிகள். கிடங்கில் நீலப் பெட்டிக்குப் பக்கத்தில் எது இருந்தது, அதன்மேல் எதை அடுக்கினோம் என்று ஞாபகத்தைக் கிளறி, அதே வரிசையில் ஒவ்வொன்றாகக் கைகாட்டினான். கிடங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தவை, உள்ளேயும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் என்பது அவன் நம்பிக்கை. எந்த லாரிக்கு எது முதலில் ஏற வேண்டும் என்பதை வைத்துத்தான் அங்கே அடுக்கினார்கள் என்பது, பாவம், அடுக்கிய அவனுக்கே தெரியாது.

அசோகன் தயங்கினான். "சார், இந்த ப்ராசஸரயா இந்த போர்டுல போடப் போறீங்க?"

கமாலுதீன் அவனையே உற்றுப் பார்த்தான்.

"சாரு சவுதியில பெரிய இன்ஜினியரு" என்றான் சவரிமுத்து.

அசோகனுக்குக் கேட்டிருக்கக் கூடாததைக் கேட்டுவிட்டோமோ என்று கூச்சமாகப் போனது. "சாரி சார். நீங்க வேற எதுனா செட்டப் வெச்சிருப்பீங்க" என்று மரியாதையாகக் கட்டிக் கொடுத்தான்.

வீட்டுக்கு வந்து முதல் பெட்டியைப் பிரிக்கக் கமாலுதீன் கை வைத்தான். இத்தனை வருடப் பழக்கம், பிரிக்காதே என்று தடுத்தது. வெள்ளி நிறப் பையை மெதுவாக விலக்கினான். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு ஊர் இருந்தது. தெருக்கள், சந்துகள், கோபுரங்கள் போல் நிற்கும் குழல்கள், கோடு போட்டதுபோல் ஓடும் செம்புக் கால்வாய்கள். ஒரு கால்வாய்கூட இன்னொன்றை முட்டவில்லை. எந்த மனிதக் கை இதை இழைத்திருக்கும்? இதையா பிட்டத்தால் முட்டுக்கொடுத்து லாரியில் தள்ளினேன்? அவன் வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்ம உப்பளம் மாதிரியே இருக்குதுடா" என்றான் சவரிமுத்து. "இது பெரிய வாய்க்கா. இது தண்ணி தேக்குற தெப்பம். இங்கல்லாம் பாத்தி கட்டியிருக்கான் பாரு."

அதற்கடுத்த பெட்டியில் இருந்துதான் கால் இல்லாத ப்ராசஸர் வந்தது.

மறுநாள் மறுபடியும் அசோகன் கடை. மேசைமேல் அதை வைத்துவிட்டுக் கமாலுதீன் சுவரைப் பார்த்தான்.

"கால் இல்லீங்க" என்று சவரிமுத்துதான் முறையிட்டான்.

"கால் இருக்காதுண்ணே. இது புது மாடல். இதுல கால் போர்டுல இருக்கும், இது சும்மா மேல உட்காரும். உங்க போர்டு பழைய மாடல். அதுக்குக் கால் இருக்கிற ப்ராசஸர் வேணும்."

கமாலுதீன் திரும்பினான். இருந்த கால்களை இங்கிருந்து பிடுங்கி அங்கே நட்டிருக்கிறார்கள்! இவ்வளவு பெரிய காரியத்தை யார் உட்கார்ந்து யோசித்தது? அவன் தன்னையறியாமல் வாய் திறந்தான். "ஏன் மாத்துனாங்க?"

கடையில் அவன் பேசிய முதல் வார்த்தைகள். சவரிமுத்து சட்டென்று அவனைத் திரும்பிப் பார்த்தான்.

"கால் வளைஞ்சிடுதுன்னு கம்ப்ளெயின்ட் பாய்" என்றான் அசோகன். "இது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. ப்ராசஸர மட்டும் பழைய மாடலா மாத்தித் தர்றேன். மத்ததெல்லாம் கரெக்டா இருக்குது. இன்னிக்கே ஓடிடும்."

கமாலுதீனுக்கு உயிர் வந்தது. ப்ராசஸரை நீட்டினான். சவரிமுத்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இரு இரு. எது புதுசு? இதுதான? அப்ப இது இருக்கட்டும். மத்ததெல்லாம் மாத்து."

"அண்ணே, ஒண்ண மாத்துனா போதும்னு சொல்றேன். நீங்க ஒண்ண வெச்சிக்கிட்டு எல்லாத்தையும் மாத்துங்கறீங்க."

"பொண்ணுக்குக் குடுக்கிறது தம்பி. பழசுல எப்படிக் குடுக்கிறது?"

"பிரிச்ச போர்ட திருப்பி எடுக்க மாட்டேண்ணே."

"யார் எடுக்கச் சொன்னா? அது கெடக்கட்டும் ஒரு ஓரமா."

திரும்பும் பஸ்ஸில் கமாலுதீன், "கால் வளைஞ்சிடுமாம்" என்றான். அனுமந்தை தாண்டியதும், "போர்டுல இருக்கிற கால் மட்டும் வளையாதா?" என்றான். சவரிமுத்து மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டு வந்தான்.

புது போர்டில் ப்ராசஸர் பூப்போல உட்கார்ந்தது. கமாலுதீன் முகத்தில் வெளிச்சம் வந்தது. அடுத்து ரேமை எடுத்து அதற்கான பள்ளத்தில் வைத்து அழுத்தினான். இறங்கவில்லை. ரேமில் வெட்டு ஓரிடத்தில். போர்டில் மேடு இன்னோரிடத்தில். இரண்டுக்கும் நடுவே ஒரு நெல்மணி தூரம்தான்.

"இந்த மேட்டக் கொஞ்சம் சீவிட்டா?" என்றான் சவரிமுத்து, பேனாக்கத்தியைப் பிரித்தபடி.

"கிட்ட வராத!" என்று கமாலுதீன் போட்ட சத்தத்தில், அடுக்களையில் சனோபர் கையில் இருந்த கரண்டியைக் கீழே போட்டாள். ஓடி வந்து, கதவோரம் நின்று பார்த்தாள். கணவன் கோபத்தில் சிவந்திருந்தான். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

மறுபடியும் பாண்டிச்சேரி. "போர்டு மாறுனா ரேமும் மாறும் பாய். இது வேற தலைமுறை" என்றான் அசோகன். கமாலுதீன் இரண்டு ரேமையும் அடுத்தடுத்து வைத்து, ஒரு நகையைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தான். "ஒரே உசரம், ஒரே அகலம். தப்பாப் போட்டுடக் கூடாதுன்னு அந்த ஒரு வெட்ட மட்டும் நகத்தி வெச்சிருக்கான். பாரேன், நம்மள மாதிரி ஆள் வருவான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்குது" என்றான்.

ரேம் இறங்கியது. படம் காட்டும் கார்டு நின்றுவிட்டது. பழைய போர்டில் அதற்கென்று இருந்த வாய், புதுப் போர்டில் இல்லை. வேறு இடத்தில் வேறு வடிவில் வேறொரு வாய் இருந்தது.

"அந்தக் கார்டே தேவையில்லண்ணே" என்றான் அசோகன். "இந்த போர்டுலயே படம் வரும். கார்டு இல்லாமலே ஓட்டுங்க. வேலை முடிஞ்சிது."

"சே சே. கார்டு இல்லாம எப்படி?" என்றான் சவரிமுத்து. "இதுக்குப் பொருந்துற மாதிரி ஒண்ணு குடுங்க."

"எதுக்குண்ணே? படிக்கிற பொண்ணுக்கு அது வேஸ்ட்டு."

"எல்லா ரூமும் கட்டிட்டு ஒரு ரூம காலியா விட்டா நல்லாவா இருக்கும்?"

அசோகன் கமாலுதீனைப் பரிதாபமாகப் பார்த்தான். கமாலுதீன் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான். முடியும் என்று தெரிகிற ஒவ்வொரு தடவையும் இந்தச் சவரிமுத்து எதையாவது கிளப்பிவிடுகிறான். ஆனாலும் அது அவன் பொருள், அவன் காசு. சனோபரும் ஒவ்வொரு தடவையும் முகம் சுளிக்காமல் பீரோவைத் திறந்து எடுத்துத் தருகிறாள். என்ன சொல்ல முடியும்?

கார்டு உட்கார்ந்தது. அதற்குள் இன்னொன்று நின்றது. கரண்ட் தருகிற எஸ்.எம்.பி.எஸ்ஸின் பிளக்கில் நான்கு ஓட்டை குறைச்சல். புது எஸ்.எம்.பி.எஸ் வாங்கினால், அது புது கேபினட்டோடுதான் வருகிறது. அந்த கேபினட்டைச் சவரிமுத்து மடியில் வைத்துக்கொள்ள, கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். அந்தப் பயணத்தில் கமாலுதீன், பஸ் புறப்பட்டதில் இருந்து இறங்கும்வரை கண்டக்டருக்கு விளக்கிக்கொண்டே வந்தான். "எல்லாம் பொருத்தம்தாங்க. ஒண்ண மாத்துனா அது அடுத்தத மாத்தச் சொல்லும், அது அதுக்கடுத்தத மாத்தச் சொல்லும். ஒண்ணு தனியா நல்லதா இருந்து புண்ணியமில்ல, பக்கத்துல இருக்கிறதோட சேரணும்." கண்டக்டர், "சில்லற இருக்கா?" என்றார்.

எல்லாவற்றையும் பூட்டிய நாளில் வீட்டில் மூன்று பேர்தான். கமாலுதீன் பிஸ்மில்லாஹ் சொல்லி சுவிட்சைத் தட்டினான். விசிறி சுழன்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது.

மறுபடியும் தட்டினான். விசிறி. விளக்கு. கறுப்பு.

"காத்து நல்லா வருதுடா" என்றான் சவரிமுத்து. "வெயில் காலத்துல உதவும்."

யாரும் சிரிக்கவில்லை. கமாலுதீன் எழுந்து போய் ஜன்னலோரம் உட்கார்ந்தான். சனோபரின் முகம் வெளுத்தது. மறுநாளும் அவன் பேசவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சவரிமுத்து வந்து தனக்குத் தெரிந்த உப்பள சாஸ்திரம் அத்தனையும் சொன்னான். வடக்குக் காற்று அடித்தால் உப்பு மலராது, அதுபோல இதற்கும் காற்று மாற வேண்டும் என்றான். புதுப் பாத்தியில் முதல் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும், அதுபோல இதையும் தலைகீழாக ஒரு தடவை கவிழ்த்துப் பார்க்கலாம் என்றான். ஒன்றும் உதவவில்லை.

"மறுபடியும் பழைய மாதிரி ஆயிட்டாருண்ணே" என்று வாசலில் சனோபர் கிசுகிசுத்தாள். "நாமளே குழியில தள்ளிட்டோமோ?"

அவளுக்குத் தெரியாதது ஒன்றுண்டு. இந்த மௌனம் பழைய மௌனம் இல்லை. பழையதில் அவன் ஒன்றையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். இப்போது கண்ணை மூடினாலும் அந்தப் பச்சை ஊர் தெரிந்தது. கரண்ட் பெரிய வாசல் வழியாக நுழைகிறது. விசிறிக்குப் போகிறது. விளக்குக்குப் போகிறது. ரேமுக்குப் போகிறது. ஒவ்வொரு தெருவாக அதன் பின்னாலேயே நடந்தான். ப்ராசஸரின் வாசலுக்கு வந்ததும் நின்றான். இவ்வளவு பெரிய ராஜா, மற்றவர்கள் குடிக்கிற அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறானா?

எழுந்து வந்து கேபினட்டைத் திறந்தான். மஞ்சளும் கறுப்புமாக வயர்கள் போய், முனையில் நான்கே ஓட்டை கொண்ட ஒரு குட்டிப் பிளக், எதிலும் சேராமல் ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் என்று நினைத்து விட்டுவைத்தது. ப்ராசஸருக்குப் பக்கத்தில், விசிறியின் நிழலில், அதே அளவில் ஒரு வெள்ளைச் சதுரம் காத்துக்கொண்டிருந்தது. வைத்து அழுத்தினான். 'டிக்' என்றது.

"சனோபர்!" என்று கத்தினான். "சவரி!"

இருவரும் ஓடி வந்தார்கள். சுவிட்சைத் தட்டினான்.

ஒரே ஒரு சின்னச் சத்தம், குருவிக்குஞ்சு ஒரு தடவை வாய் திறந்ததுபோல். அப்புறம் அந்தக் கறுப்பில் வெள்ளை எழுத்துகள் வந்தன. யாரோ உள்ளே இருந்து எழுதுவதுபோல் வரி வரியாக வந்தன. தன்னிடம் எவ்வளவு ரேம் இருக்கிறது என்று அது தானே எண்ணிப் பார்த்துக்கொண்டது. தன் ப்ராசஸரின் பெயரைத் தானே சொன்னது. கடலைத் தினமும் பார்த்து வளர்ந்த மூன்று பேர், கைக்குட்டை அகலத்தில் எரியும் அந்த எழுத்துகளின் முன்னால் வாயடைத்து நின்றார்கள். சனோபர் மெல்ல "சுப்ஹானல்லாஹ்" என்றாள். சவரிமுத்து சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். கமாலுதீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், பெரியவர்கள் முன்னால் நிற்பதுபோல.

கடைசியில் ஒரு வரி வந்து நின்றது.

"இன்னாடா சொல்லுது?" என்றான் சவரிமுத்து அடங்கிய குரலில்.

"கீபோர்டு எங்கன்னு கேக்குது. மாட்ட மறந்துட்டேன்."

"பாரு, பொறந்ததும் குறை சொல்லுது. நம்ம ஊருதான்."

கமாலுதீன் சிரித்தான். உட்கார்ந்து, தொடையில் தட்டி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். சனோபர் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி உள்ளே போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

சிரிப்பு அடங்கியதும் கமாலுதீன் மூலையில் கிடந்த மிச்சச் சாமான்களைப் பார்த்தான். பழைய போர்டு, பழைய ரேம், பழைய கார்டு, பழைய கேபினட். ஒன்றுக்கொன்று அத்தனை பொருத்தம். கால் உள்ள ஒரு ப்ராசஸரும் சில்லறைச் சாமானும் போட்டால் இன்னொரு கம்ப்யூட்டர்.

"டேய், அன்னிக்கே அந்த ஒண்ண மட்டும் மாத்தியிருந்தா மறுநாளே முடிஞ்சிருக்கும்டா!"

"முடிஞ்சிருக்கும்" என்று ஒத்துக்கொண்டான் சவரிமுத்து.

யார் என்ன ஆனார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அந்த மிச்சச் சாமானில் பூட்டிய கம்ப்யூட்டரை வைத்துக் கமாலுதீன் மறு வருடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை போட்டான். கடை இன்னும் நடக்கிறது. வாங்க வருகிறவர்களுக்குச் சாமானைவிட விளக்கம் அதிகம் கிடைக்கிறது என்று பேச்சு. அவன் வாயைக் கொஞ்சம் மூடச் சொல்லி சனோபர் தினமும் சண்டை போடுகிறாள். அசோகன் கடையை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போனான். ஜான்சி பிரம்மதேசம் பக்கம் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சவரிமுத்து அதே உப்பளத்தில் அதே மேஸ்திரி. கம்ப்யூட்டரை ஆன் செய்ய அவனுக்கு இன்றுவரை தெரியாது.

மீதி இருப்பது, புதுக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் இறக்கிய நாள்தான்.

"இங்கயே இருக்கட்டுமேடா" என்று சவரிமுத்து அன்று காலையில் இருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். "ஜான்சி இங்க வந்து படிக்கட்டும்."

"உன் பொருளு உன் வீட்டுலதான் இருக்கணும். அந்தப் புள்ளைக்கு எவ்ளோ ஆசையா இருக்கும்!"

"ரோடு சரியில்லைங்க" என்றாள் சனோபர். "குலுங்கி எதுனா உடைஞ்சிட்டா?"

"உடைஞ்சா நான் இல்ல? எது எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

லோடு ஆட்டோவைக் கூப்பிட்டு ஏற்றியாகிவிட்டது. மூவரும் போனார்கள். கமாலுதீன் தம்மாமில் இருந்தபோதே சவரிமுத்து உப்பளத்து ஓரமாகக் குடி போயிருந்தான். அந்தப் பக்கம் கமாலுதீன் வருவது அதுதான் முதல் தடவை. மழை போய், பாத்திகளில் அந்த வருடத்து முதல் உப்பு கண்ணைக் கூசவைத்துக்கொண்டு கிடந்தது. வழி நெடுக வெள்ளை, அதன்மேல் வானம். கமாலுதீன் ஆட்டோக்காரரிடம் ரேமின் வெட்டு நகர்ந்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவன், அதைப் பார்த்து ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தினான். பிறகு விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தான்.

ஜான்சி வாசலில் வந்து நின்றாள். இறங்குகிற பெட்டிகளைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தாள்.

"யாருக்கு மாமா இது?"

"உனக்குத்தாம்மா! உங்கப்பா சொல்லல? ஆளு பலே ஆளு, கடைசிவரைக்கும் மறைச்சி வெச்சிருக்கான் பாரு!"

சவரிமுத்து தூரத்தில் இருந்த உப்புக் குவியலை அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினான். சனோபர் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

கமாலுதீன் ஒரே அறையாக இருந்த அந்த வீட்டுக்குள் குனிந்து போய், பெஞ்சைத் துடைத்து, மானிட்டரை வைத்து, கேபினட்டை வைத்து, கீபோர்டை மறக்காமல் மாட்டி, எல்லா வயர்களையும் அதனதன் வாயில் கொடுத்தான். ஒவ்வொன்றையும் மாட்டும்போது அது ஏன் வேறு எதிலும் போகாது என்று ஜான்சிக்குச் சொன்னான். கடைசியில் மூன்று முள் பிளக்கை எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

"மொதல்ல உன் கையால போடும்மா."

ஜான்சி பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு இந்தச் சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவரைப் பார்த்தாள். பிறகு வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"இத எங்க சொருவுறது, அப்பா? நம்ம வீட்டுக்குத்தான் இன்னும் கரண்டே வரலையே!"